சீனியின் இடது கண்

செவ்வாய்க்கிழமை பகல். நாவுல நீர்ப்பாசன அலுவலகத்தில் என் மேசைமேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. "முயல் சேரா?" என்றது ஓர் ஆண் குரல். அலுவலகத்தில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து, "ஓம், முசல்தான் கதைக்கிறன். புல்லுத் திண்டுகொண்டிருக்கிறன். என்ன வேணும்?" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது. "சேர், நான் பரீதா ராத்தாட தம்பி சாதிக். ராத்தா மௌத்தாப் போயிட்டா. காலையில சுபஹ் தொழுதிட்டுப் படுத்தவ, எழும்பல்ல. பின்னேரம் அஸருக்கு அடக்கம். உங்க பேரு தெரியாது சேர், போன்ல இப்பிடித்தான் போட்டிருக்கா" என்றார்.

சோற்றை அப்படியே மூடிவிட்டு பஸ் தரிப்புக்கு ஓடினேன். அந்த பஸ்ஸுக்கு என்ன அவசரம்? நாலந்தாவில் சாரதி தேநீர் குடித்து, வெற்றிலை போட்டு, யாரோ ஒருவரின் மரக்கறி மூட்டையைக் கூரையில் ஏற்றி முடியும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாத்தளையில் இறங்கி ஓட்டோ பிடித்து உக்குவெலைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, தொப்பி அணிந்த ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் முகம் பார்க்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை. பெண் ஜனாஸாவை உறவுக்காரர் தவிர வேறு ஆண்கள் பார்ப்பதில்லை. நான் யார்? வடக்கிலிருந்து இடமாற்றத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு படவரைஞன். வீட்டு வாசலில் எங்கே நிற்பது, யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், முயல் கூடுகளின் பக்கம் போய் நின்றேன். ஏழு முயல்களுக்கும் அன்று யாரும் புல் போட்டிருக்கவில்லை. போட்டுவிட்டு வந்தேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையிலும் பெட்டியிலும் துவாயிலும் முயலைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எல்லோருக்கும் அவர் ராத்தா. அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல் அது. அரச ஆஸ்பத்திரியொன்றின் கண் வாட்டில் சிற்றூழியராக முப்பது வருடங்கள் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் முயல் வளர்க்கத் தொடங்கி, முயல்களின் கண்ணோடு மிச்சக் காலத்தைக் கழித்தவர். உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். அவர் மருந்து விடும்போது முயலைப் பிடித்துக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்திருந்த கண்ணாடிக்காரன் நான்தான். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதி முடிக்க முடியாது.

முதலில் நாங்கள் சந்தித்த கதை. என்னோடு வேலை செய்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, "கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கோ" என்று ஒரு சாம்பல் முயலை என் குவாட்டர்ஸில் விட்டுப் போனார். கொஞ்ச நாள் வருடமாயிற்று. தனியாக இருப்பவன் வீட்டில் ஏதாவது ஒன்று அசைவது நல்லதுதான் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் அதன் கண்ணில் வெள்ளையாகப் பீளை கட்டியது. இமை ஒட்டிக்கொண்டது. உடுப்புக் கூடையில் வைத்து மாத்தளை மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடைக்குள் குனிந்தார்.

"கூட்டுல என்னத்தப் போடுறீங்க, உமியா?"

நான் திகைத்துப் போனேன். குவாட்டர்ஸுக்குப் பின்னால் நெல் ஆலை. உமி குவிந்து கிடக்கும், அள்ளிக்கொண்டு போ என்பார்கள். ஈரத்தை உறிஞ்சும், மணக்காது, நல்ல படுக்கை என்று நான் என்னையே மெச்சிக்கொண்டு நிறைய அள்ளிப் போட்டிருந்தேன். "ஓம், நாவுலை ஆலை உமி. கூடாதோ?" என்றேன்.

"நாவுலக்காரங்க எல்லாருமே இதத்தான் செய்றாங்க. உமி முனை ஊசி மாதிரி சேர். உள்ள இமைக்குப் பின்னால போயிருக்கும். டொக்டர்ட்ட உமி போட்டதச் சொல்லுங்க, இல்லாட்டி சும்மா கண்ணோவுன்னு மருந்து தந்திடுவாங்க."

சொன்னேன். வைத்தியர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, முயலின் மூன்றாம் இமையைத் தூக்கிப் பார்த்து, அரை உமியைச் சின்னக் கவ்வியால் எடுத்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டியவன் ஒரு முயலின் கண்ணுக்காக மிருக ஆஸ்பத்திரியில் நின்று மூக்கை உறிஞ்சினேன். அந்தப் பெண் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பேரென்ன இதுக்கு?" என்று கேட்டார். பேர் வைக்கவில்லை, வீட்டில் நானும் அதுவும்தான் என்றேன். "வீட்டுல ரெண்டே ரெண்டு பேர், அதுல ஒருத்தருக்குப் பேரில்லையா?" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். முன் கதவு எப்போதும் திறந்திருக்கும். சாதிக் ஞாயிறு பொலவில், அதாவது சந்தையில், கடை போடுவதால் வீட்டில் இருப்பதில்லை; அவர் மனைவி நஸீமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சேர் வந்திட்டாரு, தேத்தண்ணி ஊத்துறேன்" என்பார். முயலுக்குக் கண் மருந்து விடுவது இரண்டு பேரின் வேலை. நான் துவாயால் சுற்றி, முன்கால்களை அடக்கி, மடியில் அணைத்துப் பிடிப்பேன். அவர் மூன்று தடவை கை கழுவுவார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு போய்விடும், அடுத்ததற்குப் புதிது. மருந்துப் போத்தலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சொட்டு விடுவார். "நீங்களும் உங்க சாமியக் கூப்பிடுங்க சேர், நான் கோவிக்க மாட்டேன்" என்றார் ஒருநாள். முருகா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முயல் உதைத்தது. இருவரும் சிரித்தோம்.

ஏதாவது முயல் கண்ணில் நீர் வடிய வந்தால் அவர் முதலில் கண்ணைப் பார்க்க மாட்டார். "கண்ணு ஒழுகினா வாயப் பாருங்க" என்பார். முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாவிட்டால் வேர் மேலே முட்டிக் கண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். "பாண் குடுத்தீங்களா? பாண் பஞ்சு மாதிரி, அதத் தின்னா பல்லு எப்பிடித் தேயும்? கினிப்புல்லு குடுங்க, கட்டுக் கட்டாக் குடுங்க" என்று சொல்லிக்கொடுப்பார். தானே எதையும் அறுக்கவோ பிடுங்கவோ மாட்டார். "நான் டொக்டரில்ல, டொக்டர்ட்டப் போக வழி காட்டுறவ" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

எல்லோரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். "இதுக்கு முந்தி என்னத்தப் போட்டீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க, ஏச மாட்டேன்." தாய்ப்பால் விட்டேன் என்பார்கள். தேயிலைச் சாயம் என்பார்கள். ஒருவர் விபூதி என்றார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராத்தா யாரையும் ஏசியதில்லை. "சொன்னீங்களே, அது போதும். முயல் வாய் திறந்து சொல்லாது. நாம சரியாச் சொன்னாத்தான் டொக்டரும் சரியாப் பார்ப்பாங்க" என்பார்.

என் சாம்பல் முயல் வயதாகிச் செத்துப்போனது. நான் ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்தவில்லை. எதற்கு வருகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வீடு இல்லாவிட்டால் கிழமைக்கு ஏழு நாளும் எனக்கு ஒரே நாள்தான். அலுவலகத்தில் கோட்டுப்படம், வீட்டில் வானொலி. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாவுலையில் யாருமில்லை. முயல் சேர் என்று கூப்பிட அங்கே ஒருவர் இருந்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் செய்ததுதான் வெட்கம்.

சீனியை உங்களுக்குத் தெரியும். வெள்ளை முயல், பல் வேரால் இடது கண் அடிக்கடி கசிகிற முயல். ராத்தாவுக்கு எல்லா முயலிலும் செல்லம் அது. அவருடைய நெஞ்சு வருத்தத்துக்குக் கொழும்பில் பரிசோதனை என்று பத்து நாள் போக வேண்டியிருந்தது. மற்ற ஆறையும் நஸீமா பார்த்துக்கொள்வார், சீனிக்கு மட்டும் இரண்டு வேளை சொட்டு விட வேண்டும். "நீங்க கொண்டு போங்க சேர். உங்கட கை பட்டா அது பயப்படாது" என்று தந்தார். நான் பெருமையோடு நாவுலைக்குக் கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் கண் சிவந்து, சீனி அதை மூடியே வைத்திருந்தது. தந்துவிட்ட சொட்டு மருந்தும் முடியப் போகிறது. பெருமழை. மாத்தளைக்குப் போக அலுப்பு. அலுப்பு மட்டுமா? அவர் வந்ததும், "கண் சிவந்தது ராத்தா, நானே சுகப்படுத்திப்போட்டன்" என்று சொல்ல ஆசை. எனக்குக் கண்புரை எடுத்தபோது தந்த சொட்டு மருந்தில் பாதி பிரிட்ஜில் இருந்தது. என் கண்ணின் சிவப்பை அது இரண்டே நாளில் எடுத்திருந்தது. மனிதக் கண்ணுக்கு நல்லதென்றால் முயலுக்கும் நல்லதுதானே? இரண்டு நாள் விட்டேன். மூன்று வேளை. பஞ்சால் ஒழுங்காகத் துடைத்து, போத்தலைக் கையில் சூடாக்கி, முருகா சொல்லி விட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் கண்மணியின்மேல் நீலவெள்ளையாகப் படர்ந்திருந்தது. பயந்துபோய் மாத்தளைக்குக் கொண்டு ஓடினேன். வைத்தியர் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார். நடுவில் பச்சையாகப் பெரிய புண் தெரிந்தது. "மொனவத தெம்மே?" என்ன போட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஸ்டீரொயிட் கலந்த மருந்து ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள், புண் இருக்கும்போது அது கண்ணைக் கரைத்துவிடும் என்று தெளிவாகச் சொல்லியே கேட்டார். என் மேல்சட்டைப் பையில் அந்தப் போத்தல் இருந்தது. "மொகுத் நே மிஸ்" என்றேன். ஒன்றுமில்லை. எனக்குச் சிங்களம் தட்டித் தடவித்தான் வரும். அந்தப் பொய் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கண்டிப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே கண்ணை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். ராத்தா கொழும்பிலிருந்து வந்த நேரம் சீனி ஒற்றைக் கண்ணோடு என் மடியில் இருந்தது.

அவர் அழவில்லை. தையலை விரலால் தொடாமல் சுற்றிப் பார்த்தார். பிறகு உங்களிடம் கேட்கும் அதே கேள்வியை, அதே குரலில், என்னிடமும் கேட்டார். "என்னத்தப் போட்டீங்க சேர்?"

"ஒண்டும் போடேல்லை ராத்தா. உங்கட சொட்டும் உப்புத் தண்ணியும்தான்."

"அப்ப பல்லுதான். அராவக் கொண்டு போகணும்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்தேன். கொழும்பு, கொழும்புன்னு பிந்திட்டேன். யா அல்லாஹ், என் பிழை" என்று நெற்றியில் கை வைத்தார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஏச மாட்டேன் என்று நூறு பேருக்குச் சொன்னவர் எனக்கு மட்டும் ஏசியிருப்பாரா? ஏசினால்தான் என்ன? நஸீமா தேத்தண்ணி கொண்டு வந்தார். குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முயலோடு பிள்ளைகள் வந்தால் சீனியைத் தூக்கி மடியில் வைத்து, "இந்தா பாருங்க, இது என் பிழையால போன கண்ணு. பல்லுக்குக் காட்டப் பிந்தினேன். நீங்க பிந்தாதீங்க" என்று சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும். ஒரு வருடத்துக்கு மேல். நான் பக்கத்தில் இன்னொரு முயலைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு பெண்பிள்ளை ஒருநாள், "ஏன் ராத்தா உங்களுக்கே தெரியாமப் போச்சா?" என்று கேட்டது. "தெரியும் மகள். தெரிஞ்சும் விட்டேன்" என்றார். அன்று என் பிடி தளர்ந்து முயல் குதித்து ஓடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஒரு தடவை சொல்லத்தான் போனேன். நோன்பு காலம், யாரும் வராத ஞாயிறு. பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பழகினேன். அவர் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. "என்னமோ சொல்ல வந்தீங்க போல சேர்" என்றார். "இல்லை ராத்தா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றேன். அவர் நஸீமாவைக் கூப்பிட்டு, நோன்புக் கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றி எனக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நாவுலை வரும்வரை அந்தப் பிளாஸ்க் மடியில் சூடாக இருந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் சொல்லவில்லை.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், பெருந்தன்மையால் கேட்காமல் இருந்திருப்பார் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லலாம். வேண்டாம். முப்பது வருடம் கண் வாட்டில் இருந்தவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர் என்னை நம்பினார் என்பது மட்டும் தெரியும்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே போனேன். அன்று சாதிக் கடை போடவில்லை. என்னைக் கண்டதும் உள்ளே போய் சீனியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மத்த முயலெல்லாம் புள்ளைகளுக்குக் குடுக்கச் சொன்னா சேர். இத மட்டும் உங்கள்ட்டத்தான் குடுக்கணுமாம். மத்தக் கண்ணும் இப்ப கசியுது. 'சேர்தான் கவனமாப் பார்ப்பாரு, வேற யார்ட்டயும் குடுக்காதீங்க'ன்னு போன மாசமே சொல்லி வச்சா."

கையை நீட்ட முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரிட்ஜ், போத்தல், மூன்று வேளை, வைத்தியரிடம் சொன்ன பொய், ராத்தாவிடம் சொன்ன பொய். நஸீமா சமையலறைக் கதவடியில் வந்து நின்று கேட்டார்.

"இத ஏன் சேர் எங்கள்ட்டச் சொல்றீங்க? அவவுக்குத்தானே சொல்லியிருக்கணும்" என்றார் சாதிக். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் திரும்பினேன். "நில்லுங்க" என்றார். "அவ சொன்னது சொன்னதுதான். முயலக் கொண்டு போங்க."

இப்போது சீனி என்னோடு நாவுலையில் இருக்கிறது. தனி ஆளாகச் சொட்டு விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரு கையால் அணைத்து, மறு கையால் இமையைத் திறந்து, மூன்றாவது கைக்கு எங்கே போவது? பாதி மருந்து என் சாரத்தில் விழுகிறது. வைத்தியரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பல்லை அராவித் தந்தார். வலது கண் இப்போதைக்குத் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உடுத்து வெளிக்கிட்டு, செருப்பையும் போட்டுவிட்டு, போக இடமில்லையே என்று நினைவு வந்து திரும்ப உள்ளே வருகிறேன். ராத்தா, நீங்கள் இல்லாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒற்றைக் கண்ணும், நான் தகுதியில்லாமல் வாங்கிக்கொண்ட நம்பிக்கையும்தான். இரண்டையும் வைத்திருப்பேன். அவரிடம் சொல்லவேண்டியதை இனி அவரிடம் சொல்ல முடியாது. அதனால் அவர் யார் யாரிடமெல்லாம் தன் பிழை என்று சொன்னாரோ, அந்த உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். சீனியின் பல்லுக்கும் இடது கண் போனதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கண்ணைக் கெடுத்தவன் நான். உங்கள் வீட்டில் முயல் வளர்க்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பரீதா ராத்தா பிழை ஒன்றும் செய்யவில்லை என்று.